நூறு வண்டும் ஒரு கரண்டிப் பொடியும்

என் வாய்தான் எனக்கு எதிரி என்று என் மனைவி சொல்லுவாள். நான் ஒத்துக்கொள்வதில்லை. முடி திருத்துகிறவனுக்கு வாய் இல்லையென்றால் கடை ஓடாது. கத்தரிக்கோல் ஒரு பக்கம் ஓட வேண்டும், வாய் ஒரு பக்கம் ஓட வேண்டும். இரண்டில் எது நின்றாலும் நாற்காலியில் இருப்பவர் தூங்கி விழுவார், காது போய்விடும். ஆனாலும் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை என் வாய் கொஞ்சம் எல்லை தாண்டித்தான் போய்விட்டது. அதை மறைத்துவிட்டுக் கதை சொல்ல முடியாது.

நாற்காலியில் இருந்தவர் விதைச் சங்கத்தின் செயலாளர். சங்கம் என் கடைக்கு அடுத்த கட்டடம். முன்னால் ஆபீஸ், பின்னால் நீளமான கிடங்கு. இருநூறு விவசாயிகளின் விதைப் பயறு அறுவடை முடிந்ததும் அங்கே வந்து, அடுத்த விதைப்பு வரைக்கும் ஐந்து மாதம் மூட்டையில் கிடக்கும். என் மனைவிக்கு அங்கேதான் வேலை. பதினொரு வருடமாகப் பயறு பொறுக்குகிறாள். மேஜையில் பயறைப் பரப்பி, ஓட்டை விழுந்தது, சுருங்கியது, உடைந்தது எல்லாவற்றையும் விரல் நுனியால் ஒரு பக்கம் தள்ள வேண்டும். அவள் விரல் தள்ளும் வேகத்துக்கு என் கத்தரிக்கோல் தோற்றுவிடும். இதை இதுவரை அவளிடம் சொன்னதில்லை.

ஓட்டை போடுவது பயறு வண்டு. எள்ளைவிடச் சற்றுப் பெரிது, மண் நிறம். அதை ஒழிக்க முன்பெல்லாம் சங்கத்தில் வாயு மாத்திரை வைப்பார்கள். மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி உள்ளே மாத்திரையை வைத்துவிட்டால், ஒரு வாரம் அந்தப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கக்கூடாது. மூன்று வருடத்துக்கு முன்னால் யாருக்கோ அவசரம், ஐந்தாம் நாளே கதவைத் திறந்துவிட்டார்கள். பொறுக்கும் பெண்களில் இரண்டு பேர் வாந்தி எடுத்து மயங்கி விழுந்தார்கள். அதில் ஒருத்தி என் மனைவி.

இரண்டு நாள் படுத்துக் கிடந்தாள். மூன்றாம் நாள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு, முதல் காரியமாக வேப்பிலை ஒடித்து வந்து கூடத்தில் காயப் போட்டாள். "இனிமே அந்த மாத்திரை உள்ள வரக்கூடாது. அதுக்கு வேற ஒண்ணு வேணும்" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

அந்த மூன்று வருடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வேப்பிலை, நொச்சி, வசம்பு, ஆரஞ்சுத் தோல், மிளகாய் என்று எல்லாவற்றையும் நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் அரைத்து, துணியில் சலிப்பாள். மிளகாய் அரைத்த அன்றைக்கு நான் தும்மிய தும்மலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டார். டீ குடித்தால் வசம்பு, தலையணையில் படுத்தால் நொச்சி. அலமாரி முழுக்க ஜாடி, ஜாடி முழுக்க வண்டு. "நம்ம வீட்டுல மனுஷன் ரெண்டு, வண்டு ரெண்டாயிரம்" என்று கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். அவளுக்கு 'பொடியம்மா' என்று பெயர் வைத்ததே நான்தான். தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. அவள் கோபித்துக்கொண்டதில்லை. சலித்துக்கொண்டே இருப்பாள்.

கடைசியில் வேப்பிலை இரண்டு பங்கு, வசம்பு ஒரு பங்கு என்று ஒரு கணக்குக்கு வந்து நின்றாள். அதற்குள் சங்கத்தில் நிலைமை முற்றிவிட்டது. அந்த இரண்டு பேர் மயங்கி விழுந்ததும் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள், வண்டுக்குக் கொண்டாட்டம். போன வருடம் மூன்றில் ஒரு பங்கு பயறில் ஓட்டை. விதைத்தவர்கள் முளைக்காத நிலத்தைப் பார்த்துவிட்டு வந்து சங்கத்து வாசலில் சத்தம் போட்டார்கள்.

அதைத்தான் செயலாளர் முகம் நிறைய நுரையோடு சொல்லிக்கொண்டிருந்தார். "அடுத்த செவ்வாய்க்கிழமை கமிட்டி. பழையபடி மாத்திரையே வாங்கிடலாம்னு முடிவு பண்ணப்போறோம்."

"சரி சார்" என்று சொல்லிவிட்டுக் கன்னத்தை இழுத்துப் பிடித்தேன்.

"உன் வீட்டம்மா ஏதோ இலையை அரைச்சுப் போட்டா போதும்னு சொல்லிக்கிட்டுத் திரியறாங்க. பாவம், பயறு பொறுக்கறவங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

என் மனைவியை நான் கேலி செய்வேன். அது எங்கள் வீட்டு விவகாரம். அடுத்தவர் செய்தால் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிடும். கத்தியை அவர் தொண்டைக்குழியிலேயே நிறுத்தினேன்.

"சார், நூறு வண்டை ஒரு ஜாடியில விடுங்க. கால் கிலோ பயறு, ஒரு கரண்டி பொடி. ஏழே நாள். நூறும் செத்துக் கிடக்கும். கிடக்கலைன்னா நான் இந்தக் கத்தியைக் கீழ வெச்சுட்றேன்."

"முதல்ல அதை என் கழுத்துலேர்ந்து எடு" என்றார் அவர்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு போனவர் சும்மா இருக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டு வந்து காட்டினார். ஏழாம் நாள் கமிட்டி முன்னால் எண்ண வேண்டும். நூறில் தொண்ணூற்றைந்தாவது செத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே மாத்திரைக்கு ஆர்டர், அதற்கப்புறம் பொடி என்ற பேச்சே சங்கத்தில் எடுக்கக்கூடாது. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது அவளிடம் சொன்னேன். சல்லடைத் துணியை அலசிக்கொண்டிருந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"நூறுன்னா சொன்னீங்க?"

"ஆமா."

"செத்துடும்னா சொன்னீங்க?"

"பின்ன? பொழைச்சுக்கும்னா சொல்லுவாங்க?"

துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். அதன் மூலைகளை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, "ஒரு ஜாடி போதாது. ரெண்டு வைக்கச் சொல்லுங்க. இன்னொண்ணுல பொடி போடாம, அதே கால் கிலோ, அதே நூறு வண்டு" என்றாள்.

"அது எதுக்கு?"

"இருக்கட்டும்."

பழைய மூட்டையிலிருந்து அன்று காலையில்தான் வெளியே வந்த வண்டுகளாகப் பார்த்து, மெல்லிய தூரிகையால் தொட்டுத் தொட்டு எடுத்தது என் மச்சினன். அவளுடைய தம்பி. கிடங்குச் சாவி அவனிடம்தான் இருக்கும், ஆளே கொஞ்சம் துருப்பிடித்த சாவிதான், எதற்கும் லேசில் திரும்பமாட்டான். ஆனால் கைச் சுத்தம். இருநூறு வண்டையும் எண்ணி முடிக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டான். ஜாடி வாயை மெல்லிய துணியால் மூடி ரப்பர் போட்டார்கள். சொந்தக்காரன் என்பதால் செயலாளர் அவனையும் நம்பவில்லை. இரண்டு ஜாடியையும் தன்னுடைய கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலை பேப்பர் பார்க்கிற சாக்கில் ஆபீசுக்குள் போனேன். செயலாளரையே அலமாரியைத் திறக்கச் சொல்லி, அவர் எதிரிலேயே பொடி போட்ட ஜாடியைக் கையில் எடுத்து லேசாக ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தேன். பச்சைப் பொடி பூசிய பயறுக்கு நடுவே வண்டுகள் காலை மடக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை. ஒரே நாளில்! செயலாளரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பொடி போடாத ஜாடியை நான் தொடவே இல்லை. அது நம்ம கட்சி இல்லையே.

அன்று முழுக்க என் கடையில் அதே பேச்சு. முடி வெட்ட வந்தவர், வெட்டிக்கொண்டு போனவர், தண்ணீர் கேட்டு நின்றவர் எல்லோரிடமும் சொன்னேன். தினமும் காலையில் போவேன், ஜாடியை ஆட்டுவேன், அசையாமல் கிடப்பதைப் பார்ப்பேன், வந்து பேசுவேன். பொடியம்மா என்று கூப்பிட்டவர்களைக்கூட, "ஆமாய்யா, பொடியம்மாதான். பொடிப்பொடியாக்கிட்டா பார்த்தியா" என்று மடக்கினேன்.

அவளிடமும் சொன்னேன். "முதல் நாளே எல்லாம் காலி."

"ஆட்டினீங்களா?"

"லேசா."

"இனிமே ஆட்டாதீங்க" என்றாள். ஜாடி உடைந்துவிடும் என்று பயப்படுகிறாள் என நினைத்துக்கொண்டேன். பார்க்காமல் இருக்க முடியுமா? ஆட்டத்தான் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை கமிட்டி அறையில் ஐந்து பேர். நீள மேஜை, பச்சைத் துணி, இரும்பு நாற்காலிகள். முந்தின நாள் பெய்த மழையில் அறை சில்லென்று இருந்தது. நடுவில் தலைவரம்மா. கனத்த கண்ணாடி போட்டிருப்பார். சொந்த நிலத்தில் தானே இறங்கி வேலை செய்கிறவர். பத்து பேர் பேசி முடித்தபிறகு ஒரு வார்த்தை பேசுவார், அதோடு கூட்டம் முடிந்துவிடும். என் மனைவி வேலைக்கு வருகிற அதே மேலங்கியோடு, கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். நான் மட்டும் விசேஷத்துக்குப் போகிறவன்போல் இஸ்திரி போட்ட சட்டை.

மச்சினன் பொடி போட்ட ஜாடியைச் சல்லடையில் கவிழ்த்து, கீழே விரித்த வெள்ளைத் தாளுக்கு மேல் ஆட்டினான். பயறு சல்லடையில் நின்றது. பொடியும் வண்டும் தாளில் விழுந்தன. எல்லாம் காலை மடக்கி, கட்டை மாதிரி. செயலாளர் கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி, பென்சில் முனையால் ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணினார்.

"தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொம்பது..." கொஞ்சம் தொண்டையைக் கனைத்தார். "நூறு. எல்லாம் செத்திருக்கு."

நான் மச்சினன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். அவன் கையிலிருந்த சல்லடையே ஆடியது. கமிட்டியில் இரண்டு பேர் கைதட்டினார்கள். செயலாளர் பேனாவை எடுத்து நோட்டைத் திறந்தார். மாத்திரை ஒழிந்தது, பொடி ஜெயித்தது, என் கத்தியும் பிழைத்தது.

"எழுதாதீங்க சார்."

சொன்னது என் மனைவி.

"அது செத்தது இல்ல. நடிக்குது" என்றாள். "ஆட்டினா, கொட்டினா, இந்த வண்டு காலை மடக்கிட்டுக் கிடக்கும். பயம் தெளிஞ்சா எழுந்துரும். இந்த ரூம் வேற குளிர்ச்சியா இருக்கு, அதான் லேசுல எழுந்திரிக்கல. ஒரு கால் மணி நேரம் பொறுங்க."

தாளை இரண்டு கையாலும் அலுங்காமல் தூக்கி, ஜன்னல் திட்டில் வெயில் விழுகிற இடத்தில் வைத்தாள்.

கிட்டே போய், பல்லைக் கடித்துக்கொண்டு, "உனக்கு என்ன பைத்தியமா? வாயை மூடிக்கிட்டு இரு" என்றேன்.

"நீங்க கொஞ்ச நேரம் சும்மா இருங்க" என்றாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐவரும் எழுந்து வந்து ஜன்னலைச் சுற்றி நின்றார்கள். முதலில் ஒன்றும் ஆகவில்லை. நான் மனசுக்குள் அந்த வண்டுகளிடம் கெஞ்சினேன். செத்தே கிடங்கடா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். ஓரத்தில் ஒன்று ஒரு காலை நீட்டியது. அப்புறம் இன்னொரு கால். புரண்டது. எழுந்து, மேலே ஒட்டியிருந்த பச்சைப் பொடியோடு தாளின் விளிம்பை நோக்கி நடந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. பிறகு சாவகாசமாக ஒரு கூட்டமே. இரண்டு பறக்கவும் பார்த்தன. மச்சினன் கவிழ்த்த டம்ளரால் அவற்றைப் பிடித்தான்.

கால் மணி நேரம் கழித்து அவள் ஒரு ஊசியால் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். சந்தேகமாக இருந்த ஒன்றை மூன்று தடவை தொட்டாள். மூன்றாம் தடவை அது மீசையை ஆட்டியது. அதையும் உயிருள்ள பக்கத்தில் சேர்த்தாள்.

"நடக்கறது அறுபத்தொண்ணு. செத்தது முப்பத்தொம்பது" என்றாள்.

செயலாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ தொண்ணூத்தஞ்சு இல்ல. நிபந்தனை நோட்டுல இருக்கு, உங்க வீட்டுக்காரரே கையெழுத்துப் போட்டிருக்காரு. மாத்திரைக்கு ஆர்டர் எழுதிடறேன்."

மூன்று வருடம். வீடு முழுக்க வண்டு, டீயில் வசம்பு, தெருவெல்லாம் கேலி. கைக்கு வந்து சேர்ந்ததைத் தானே தட்டிவிட்டுவிட்டாளே என்று எனக்கு வந்த ஆத்திரத்தில், கைக்கெட்டிய நாற்காலியை எட்டி உதைத்திருப்பேன்; ஜன்னலோரம் எதுவும் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று. மாத்திரை திரும்ப வரும். அதே கிடங்கு, அதே கதவு, அதே அவசரக்காரர்கள். திரும்பவும் இவள்தான் உள்ளே போய் உட்கார்ந்து பொறுக்கப் போகிறாள். அதை நினைத்ததும் ஆத்திரத்துக்குக் கீழே பயம் இருந்தது தெரிந்தது.

தலைவரம்மா பேனாவைக் கீழே வைக்கும்படி செயலாளருக்குக் கைகாட்டினார். என் மனைவியைப் பார்த்து, "உன் பொடி தோத்ததுன்னு நீயே காட்டிட்ட. பேசாம இருந்திருந்தா ஜெயிச்சிருப்ப. ஏன் பேசின?" என்று கேட்டார்.

"அம்மா, இன்னிக்கு நூறும் செத்துச்சுன்னு எழுதுவீங்க. ஒரு மாசம் கழிச்சு யாராவது மூட்டையைத் திறப்பாங்க. உள்ள வண்டு நடமாடும். பொடி ஏமாத்துன்னு சலிச்சுக் கொட்டிட்டு, கண்ட மருந்தையும் வாங்கிப் போடுவாங்க. விதை போயிடும். நடமாடும்னு இப்பவே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். நடமாடினா பரவாயில்லைன்னும் தெரிஞ்சிருக்கணும்."

"நடமாடினா எப்படிம்மா பரவாயில்ல?" என்று கமிட்டியில் ஒருவர் குரலை உயர்த்தினார். "பயறைத் தின்னுடாதா?"

"இந்த வண்டு பயறைத் தின்னாதுங்க. பதினொரு வருஷமா பார்க்கறேன். இதோட ஆயுசு பத்துப் பன்னெண்டு நாள். அதுக்குள்ள இதுக்கு ஒரே வேலைதான், பயறு மேல முட்டையை ஒட்டறது. முட்டையிலேர்ந்து வர்ற புழுதான் உள்ள குடைஞ்சு தின்னுது. வண்டு தானா போயிடும், அதைக் கொல்றதுக்கு நாம மெனக்கெட வேண்டாம். முட்டை ஒட்டக்கூடாது. பயறு மேல நைசா பொடி படிஞ்சிருந்தா, அந்த வாடைக்கு அது முட்டை வைக்கப் பிடிக்காம சுத்திக்கிட்டே இருக்கும். அப்படியே வெச்சாலும் சரியா ஒட்டாது. அதனாலதான் துணியில சலிக்கறேன். கொரகொரன்னு இருந்தா பொடி அடியில போய்த் தங்கிடும்."

என் மனைவி இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. வீட்டில் பேச நான் எங்கே இடம் விட்டேன்?

"ரெண்டு ஜாடிப் பயறையும் பாருங்க. நூறு நூறு எடுத்து எண்ணுங்க. முட்டை வெள்ளைப் புள்ளியா கண்ணுக்கே தெரியும்."

மச்சினன் இரண்டாவது ஜாடியைச் சல்லடையில் கவிழ்த்து ஆட்டினான். குனிந்து தாளைப் பார்த்தவன் அலறினான். "அக்கா! பொடி போடாததும் செத்துப்போச்சு!"

பார்த்தேன். உண்மைதான். பொடியின் வாடையே படாத வண்டுகள், வரிசையாகக் காலை மடக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தன. முதலில் சிரித்தது தலைவரம்மா. பிறகு அறையே சிரித்தது. செயலாளர் பென்சிலால் ஒன்றைக் குத்திப் பார்த்தார், அது இன்னும் இறுக்கிக்கொண்டது. ஏழு நாள் காலையில் நான் ஆட்டிய ஆட்டுக்கெல்லாம் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் ஆட்டிய போதெல்லாம் பொடி ஜாடி வண்டுகள் இப்படித்தான் செத்திருக்கின்றன. நான் கதவைத் தாண்டியதும் எழுந்து வேலையைப் பார்க்கப் போயிருக்கின்றன. ஊர் முழுக்க அதைத்தான் நான் பெருமை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். காது மடல் சுட்டது.

எண்ணியது தலைவரம்மாவே. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, பூதக்கண்ணாடிபோல் பயறுக்கு மேலே பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். பொடி போடாத நூறில் தொண்ணூற்றொன்றில் முட்டை. ஒரே பயறில் நான்கு, ஐந்து வெள்ளைப் புள்ளிகள்கூட இருந்தன. பொடி போட்ட நூறுக்கு நேரம் அதிகம் பிடித்தது. பொடியை விரலால் துடைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. நடுவில் சந்தேகப்பட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"ஒம்பது" என்றார்.

"ஒம்பதா?" செயலாளர் குனிந்தார்.

"ஒம்பதுதான். நீங்களும் பாருங்க."

அவரும் பார்த்தார். நேர்மையான மனிதர் என்பதை இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும். இரண்டு தடவை எண்ணிவிட்டு, "ஒம்பதுதான்" என்றார். ஆனாலும் நோட்டை விடவில்லை. "இருந்தாலும் நிபந்தனைன்னு ஒண்ணு எழுதியிருக்கோமே, தலைவரம்மா. செத்த வண்டுதான் கணக்குன்னு."

"நாங்க பயறை விதைக்கறோம் சார். செத்த வண்டை விதைக்கறதில்ல" என்றார் தலைவரம்மா.

செயலாளர் பேனா மூடியைப் போட்டார்.

"பொடியில என்ன குறை? அதையும் சொல்லிடு" என்று தலைவரம்மா என் மனைவியைக் கேட்டார். ஆள் தெரிந்து கேட்கிறார்.

"ரெண்டு மாசத்துல வாடை குறைஞ்சிடும். மறுபடி கலக்கணும். ஈரம் இருக்கற பயறுல போட்டா பூஞ்சை பிடிக்கும், நல்லா உலர்த்தினப்புறம்தான் போடணும். விதைக்கு மட்டும்தான், சமைக்கிற பயறுக்குக் கூடாது. முளைக்கறதுல வித்தியாசம் இல்ல, ஆறு தடவை ஈரத் துணியில போட்டுப் பார்த்துட்டேன். இதெல்லாம் எழுதிக்கோங்க. அந்த முப்பத்தொம்பதையும் எழுதிக்கோங்க."

"இந்த வருஷம் எல்லா விதைக்கும் பொடி" என்றார் தலைவரம்மா. "மாசம் ஒரு தடவை நீயே மூட்டையைத் திறந்து, நூறு பயறு எடுத்து, முட்டை எண்ணிக் கமிட்டிக்குச் சொல்லணும். தப்பா போனாலும் முதல்ல நீதான் சொல்லணும். சொல்லுவ, தெரியும்."

கூட்டம் முடிந்தது. நான்தான் இடத்தை விட்டு நகரவில்லை. செயலாளர் நோட்டில் எழுதுவதைத் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். இத்தனை வருடமாக நாற்காலியில் உட்கார்கிறவர்களின் பெருமையை எல்லாம் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். மகன் பெரிய ஆபீசர், மருமகள் டாக்டர், மாமனார் மூன்று மாடி வீடு. எனக்கும் ஒன்று கிடைத்துவிட்டது. என் மனைவி ஐந்து பேர் முன்னால், தன் மூன்று வருட உழைப்பைத் தன் கையாலேயே வெயிலில் எடுத்து வைத்துக் காத்திருந்தவள். அப்படி ஒருத்தியோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தும்மலைப் பற்றி ஊரெல்லாம் புகார் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அவளைப் பற்றிப் பெருமையாக இருந்தது, என்னைப் பற்றி வெட்கமாக இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனிதனுக்குப் பேச்சு வராது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று அவளுக்கு அரைநாள் லீவு கொடுத்தார்கள். நான் கடையைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் தெருவில் நடந்து வந்தோம். காலி ஜாடிகள் இரண்டும் என் கையில் இருந்தன. மெக்கானிக் கடை தாண்டி, தையல் கடை தாண்டி, ரொம்ப நேரம் பேசவில்லை. எனக்குப் பேசாமல் நடந்து பழக்கமில்லை, கால் தடுக்கியது.

"ஒண்ணு கேட்கவா?" என்றேன். "நான் நூறும் சாகும்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்து சொன்னேன் இல்ல? அது தப்புன்னு உனக்கு அப்பவே தெரியும்."

"தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே. நான் ஓடிப்போய் செயலாளர் காலைப் பிடிச்சு நோட்டை மாத்தியிருப்பேன். இன்னிக்கு இவ்வளவு தூரம் வந்திருக்காது."

அவள் நடையைக் குறைக்கவில்லை.

"சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனா நீங்க அப்படிச் சிரிச்சுக்கிட்டு வந்து நின்னீங்க. மூணு வருஷத்துல அன்னிக்குத்தான் முதல் தடவையா என் பொடியைப் பத்தி நீங்க நல்லதா நாலு வார்த்தை பேசியிருந்தீங்க. அதைக் கெடுக்க மனசு வரல. அதான் இன்னொரு ஜாடி கேட்டேன்."

சாலையோரத்தில் நின்றுவிட்டேன். எதிரே சைக்கிளில் வந்த என் வாடிக்கையாளர் ஒருவர், "என்ன மாஸ்டர், பேச்சையே காணோம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவள் நாலடி முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"உன் பொடி நல்ல பொடி" என்றேன். ஜாடிகளை மாற்றிப் பிடித்துக்கொண்டு திரும்பவும் சொன்னேன். "ரொம்ப நல்ல பொடி."

"எவ்வளவு நல்ல பொடி?" என்றாள்.

வாயில் பழையபடி நூறுதான் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"சாகறது முப்பத்தொம்பது" என்றேன். "முட்டை ஒம்பது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மறுபடி கலக்கணும்."

அவள் சிரித்தாள். ஒரு ஜாடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தது அவள்தான்.